மூன்றாமவருக்கு ஓர் இருக்கை

கணக்குக்கும் அறிவியலுக்கும் தனி ஆசிரியரை அமர்த்தும் இல்லங்களில், சமூக அறிவியலுக்கென ஒருவரைத் தேடுவோர் மிகக் குறைவு. அது மனப்பாடப் பாடம். பிள்ளை தானே படித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். தேர்வு நெருங்கும் நாள்களில், அதே கணக்கு ஆசிரியரோ அண்டை வீட்டுக் கல்லூரி மாணவியோ வழிகாட்டி நூலில் விடைகளை அடிக்கோடிட்டுக் கொடுத்து, ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கிறார். முதலாம் பானிப்பட்டுப் போரின் ஆண்டு, பருவக்காற்று வீசும் திசை, அடிப்படை உரிமைகளின் எண்ணிக்கை ஆகியவை ஓரிரவு நெஞ்சில் தங்கி, மறுநாள் விடைத்தாளில் இறங்கி, அத்துடன் விடைபெற்றுக்கொள்கின்றன.

தனிப்பயிற்சியின் நன்மையை மறுப்பதற்கில்லை. அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் கேட்கக் கூசும் வினாவை, எதிரே ஒருவர் மட்டும் அமர்ந்திருக்கும்போது பிள்ளை கேட்டுவிடும். புரியாத இடத்தில் நின்று, புரிந்த பின் நகரலாம். ஆனால் கணக்குக்குப் பொருந்தும் இம்முறை சமூகப் பாடத்துக்கும் அப்படியே பொருந்துமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. கணக்கில் ஆசிரியர் தவறினால் விடையே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். வரலாற்றிலோ குடிமையியலிலோ ஆசிரியர் ஒன்றைச் சொல்லாமல் விட்டால், அதைக் காட்டிக்கொடுக்க அந்த அறையில் எவரும் இல்லை. பலரோடு கூடி வாழ்வதைப் பற்றிய கல்வியை, பலரிடமிருந்து பிரித்து அமர்த்தப்பட்ட ஒரு பிள்ளைக்கு எவ்வாறு புகட்டுவது? இந்த வினாவை மனத்தில் கொண்டு, வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு காலங்களில் எழுந்த மூன்று நூல்களை நாம் சேர்த்துப் படிக்கலாம்.

காட்டில் வழி தவறிய மாணவன்

முதலாவது, பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1762ஆம் ஆண்டு வெளியிட்ட 'எமில்'. கற்பனை மாணவன் ஒருவனை, கற்பனை ஆசான் ஒருவர் பிறப்பு முதல் இளமை வரை வளர்த்தெடுக்கும் கதை போன்ற கல்வி நூல் அது. வெளிவந்த ஆண்டிலேயே பாரிசு உயர்மன்றம் அதை எரிக்க ஆணையிட்டது. பாரிசுப் பேராயரும் கண்டித்தார். சமயம் பற்றி அந்நூல் கூறியவையே கண்டனத்துக்கு முதற்காரணம். அக்கண்டனத்தாலேயே நம்மவர் பலர் அந்நூலைத் தொடாமல் விட்டிருக்கலாம். நாம் இங்குக் கருதுவது அதன் வேறொரு பகுதியை.

புவியியலைக் கற்பிக்க ரூசோவின் ஆசான் உலக உருண்டையை எடுத்துவரவில்லை. சூரியன் எழும் இடமும் விழும் இடமும் தெரிந்து என்ன பயன் என்று எமில் கேட்கும்போது, அவர் விடை கூறாமல் விட்டுவிடுகிறார். மறுநாள் இருவரும் உலாவச் சென்று, மொன்மொரென்சி ஊருக்கு வடக்கே உள்ள காட்டில் வழி தவறுகிறார்கள். பசி, களைப்பு, அழுகை. நண்பகல் நிழல் வடக்கே விழும் என்பது நினைவுக்கு வர, அதற்கு எதிர்த்திசையில் நடந்து ஊரை அடைகிறார்கள். திசையறிவு உணவுக்கு வழிகாட்டிய நாளை அந்தச் சிறுவன் மறக்கப்போவதில்லை.

பொருளியல் பாடம் இதனினும் நயமானது. செல்வர் வீட்டு விருந்தொன்றில் எமில் மயங்கி நிற்கையில், மேசை மீதுள்ள இப்பொருள்கள் இங்கு வந்து சேருமுன் எத்தனை கைகளைக் கடந்து வந்திருக்கும் என்று ஆசான் அவன் காதில் கேட்கிறார். உழைப்பு, வாணிகம், ஏற்றத்தாழ்வு ஆகிய யாவும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகின்றன. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இக்கேள்வியைக் கேட்கலாமே ஒழிய, இந்த வேளையில், இந்தப் பிள்ளையின் வியப்பு உச்சத்தில் நிற்கும் நொடியில் கேட்க இயலாது. தனிப்பயிற்சியின் உண்மையான வலிமை இங்கே விளங்குகிறது.

ஆனால் நூல் முழுவதையும் படித்து முடிக்கும்போது ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. எமில் சந்திக்கும் ஒவ்வொருவரும் ஆசான் திட்டமிட்ட வேளையில், திட்டமிட்ட பாடத்துக்காக வந்து போகிறார்கள். சொத்துரிமையைக் கற்பிக்கும் பகுதியில், இராபர் என்ற தோட்டக்காரர் வருகிறார். தாம் முலாம்பழ விதையிட்ட மண்ணைக் கிளறி எமில் அவரை நட்டுவிட்டான் என்று சினந்து வாதிடுகிறார். அவர் பேசும் வரிகளுக்கு உயிர் உண்டு. எனினும் பாடம் முடிந்தவுடன் அவர் மறைந்துவிடுகிறார். அவருடைய இல்லம், வறுமை, கருத்து எதுவும் எமிலுக்குத் தெரியாது. நெடுங்காலம் எமிலின் நூலகம் முழுவதும் 'இராபின்சன் குருசோ' என்ற ஒரே நூல்தான் என்பதும் தற்செயலன்று. தனித் தீவில் வாழ்ந்த மனிதனைக் கொண்டு சமூகத்தைக் கற்பிக்கும் முறையில், சமூகம் என்றும் தொலைவில் தெரியும் கப்பலாகவே இருக்கும்.

சிறையிலிருந்து ஒரு வகுப்பு

ரூசோவின் மாணவன் கற்பனை. நேருவின் மாணவி உண்மை. 1928ஆம் ஆண்டுக் கோடையில், பத்து வயது இந்திரா முசூரி மலையில் இருக்க, அலகாபாத்திலிருந்து தந்தை எழுதிய மடல்கள் 1929இல் நூலாயின. பிரேம்சந்த் அவற்றை இந்தியில் பெயர்த்தார். பின்னர் 1930 அக்டோபர் 26ஆம் நாள், மகளின் பதின்மூன்றாம் பிறந்தநாள் மடலை நைனிச் சிறையில் எழுதத் தொடங்கிய நேரு, 1933 ஆகஸ்டு வரை பல சிறைகளிலிருந்து எழுதிக் குவித்தார். அவ்வாறு சேர்ந்த 196 மடல்களே 1934இல் வெளியாகி, தமிழில் 'உலக சரித்திரம்' என்று அறியப்பட்ட பெருநூல்.

நேரு தாமே தனிப்பயிற்சியில் வளர்ந்தவர். அவருக்குப் பதினோரு வயது ஆகும்வரை உடன்பிறந்தோர் இல்லை. ஆனந்த பவனத்தில் பெர்டினாண்டு புரூக்ஸ் என்னும் ஆசிரியர் ஏறத்தாழ மூன்றாண்டு அவருக்குக் கற்பித்தார், படிப்பதில் ஆர்வமூட்டினார், வீட்டிலேயே சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்துச் செய்முறைகள் காட்டினார். ஒருவருக்கு ஒருவர் என்ற கல்வியின் சுவையையும், அதனோடு வரும் தனிமையையும் நேரு அறிந்தே இருந்தார்.

அவருடைய மடல்களின் சிறப்பை இன்றும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆற்றங்கரையில் கிடக்கும் வழவழப்பான கூழாங்கல்லைக் காட்டி, அது ஒரு காலத்தில் கூர்முனைப் பாறைத் துண்டாக இருந்திருக்கும். எப்படி இப்படி ஆயிற்று என்று வினவச் சொல்லித் தொடங்குகிறார். சான்றைப் படிப்பதே வரலாறு என்ற உண்மையைப் பத்து வயதுப் பிள்ளைக்கு இதனினும் எளிதாகக் கூற முடியுமா? பெருநூலில், அரசர் பட்டியலை ஒதுக்கிவிட்டு, சீனம், பாரசீகம், நடு ஆசியா, அங்கோர், ஸ்ரீவிஜயம் என்று, அக்காலப் பாடநூல்கள் மறந்த திசைகளுக்கெல்லாம் மகளை அழைத்துச் செல்கிறார். வடநாட்டவராயினும் தென்னிந்தியாவின் கடல் வாணிகத்துக்கும் குடியேற்றங்களுக்கும் தனி மடல்கள் ஒதுக்குகிறார். செருமனியில் நாசிகள் ஆட்சியைப் பிடித்ததையும், உலகப் பொருளாதாரச் சரிவையும், அவை நடந்துகொண்டிருந்தபோதே பதினைந்து வயதுப் பெண்ணுக்கு விளக்குகிறார். தாம் வரலாற்றறிஞர் அல்லர் என்று ஒப்புக்கொள்ளும் பணிவும் அவரிடம் உண்டு.

எமிலின் ஆசான் சமூகத்தை வெளியே நிறுத்தினார். நேருவோ உலகம் முழுவதையும் உள்ளே அழைத்து வருகிறார். ஆயினும் வருபவர் அனைவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அது தந்தையின் குரல். சமயத்தின் தோற்றத்தைப் பற்றி 1928ஆம் ஆண்டு மடல்களில் அவர் கூறுவதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆதி மனிதனின் அச்சத்திலிருந்தே தெய்வங்கள் பிறந்தன என்கிறார். அது அறிஞர் பலர் கொண்டிருந்த கருத்து. அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. நம் நம்பிக்கைக்கு மாறானது என்பதற்காக நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது வேறு. பத்து வயதுப் பிள்ளை இதைப் படிக்கும்போது, அச்சத்தினால் அன்றி நன்றியினாலும் மனிதன் கைகுவித்திருக்கலாமே என்று சொல்ல, அருகில் யார் இருந்தார்கள்? ஒரு பாட்டியோ ஒரு தோழியோ அந்த மடலைச் சேர்ந்து படித்திருந்தால், பாடம் விவாதமாகியிருக்கும்.

பெருநூலின் நிலை இன்னும் துயரமானது. அதன் மடல்கள் உடனுக்குடன் மகளின் கைக்குச் சேர்ந்தவையல்ல. பெரும்பாலானவை சிறையிலேயே குவிந்து கிடந்தன. வினாவுக்கு விடை எழுத ஆசானுக்கு வழியில்லை. வினா எழுப்ப மாணவிக்கும் வழியில்லை. அக்குறை நேருவின் குற்றமன்று; சிறைச்சுவரின் குற்றம். இந்திரா தந்தைக்கு எழுதிய மடல்கள் பல ஆண்டுகளுக்குப் பின், 1989இலும் 1992இலும் சோனியா காந்தி தொகுத்த இரு நூல்களில் வெளிவந்தன. தந்தையின் பாடம் ஒரு நூலிலும் மகளின் குரல் வேறு நூலிலுமாக, இரண்டுக்கும் நடுவே அரை நூற்றாண்டு இடைவெளி. தனிப்பயிற்சியில் ஒரு தரப்பே பேசினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நம் வீடுகளில் சிறைச்சுவர் இல்லை. ஆனால் ஆசிரியர் சொல்லிக்கொண்டே போக, பிள்ளை அடிக்கோடிட்டுக்கொண்டே வரும் அந்த ஒரு மணி நேரத்தில், அச்சுவரை நாமே எழுப்பிவிடுகிறோம்.

மலையூரின் நீண்ட மேசை

மூன்றாவது நூல் இத்தாலியிலிருந்து வந்தது. பிளாரன்சு மறைமாவட்டத்தில், சாலையும் மின்சாரமும் எட்டாத பார்பியானா என்ற மலைக் குடியிருப்புக்கு 1954இல் அனுப்பப்பட்டார் அருள்பணி லொரென்சோ மிலானி. மேலிடத்தாருக்கு உவப்பற்ற கருத்துகளே அவரை அங்கு அனுப்பிவைத்தன. 1958இல் அவர் எழுதிய மேய்ப்புப் பணி பற்றிய நூலும் திருச்சபை அலுவலகத்தின் ஆணையால் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அவர் மனம் தளரவில்லை. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அவருடைய மாணவர் எண்மர் சேர்ந்து எழுதி 1967இல் வெளிவந்ததே, தம்மைத் தோல்வியுறச் செய்த ஆசிரியைக்கு அவர்கள் வரைந்த நெடுமடல். தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்ற பெயரில் அது கிடைக்கிறது. நூல் வந்த அடுத்த மாதமே, 44 வயதில், மிலானி நோயினால் இறந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017இல், திருத்தந்தை பிரான்சிசு அம்மலையேறி அவர் கல்லறை முன் நின்று இறைவேண்டல் செய்தார்.

இந்நூலைத் தனிப்பயிற்சிக்கு எதிரான நூல் என்று சிலர் கருதக்கூடும். அரசுச் சம்பளம் பெறும் ஆசிரியர்கள் பிற்பகலில் வசதியுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணப் பாடம் எடுப்பதை அது கடுமையாகச் சாடுவது உண்மையே. ஆனால் பார்பியானாவில் நடந்ததைக் கூர்ந்து நோக்கினால், அங்கும் ஒருவர் ஒருவருக்குக் கற்பித்ததையே காண்கிறோம். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பித்தது. முந்தைய ஆண்டு கற்ற சிறுவனே அடுத்த ஆண்டு வரைபட நூலை விரித்துப் புவியியல் சொல்லிக்கொடுத்தான். பின்தங்கிய பிள்ளைக்கே முதலிடம். அது புரிந்துகொள்ளும்வரை மற்றவர் நகரவில்லை. ஒருவர் மீது முழுக் கவனமும் உண்டு, ஆனால் அந்தக் கவனம் கதவை மூடிக்கொண்ட அறையில் நிகழவில்லை. பலர் அமர்ந்த நீண்ட மேசையில் நிகழ்ந்தது.

அங்கே சமூகப் பாடத்துக்கு நாளிதழும் ஒரு பாடநூல். நாள்தோறும் அதை வாய்விட்டுப் படித்தார்கள். 1965 பிப்ரவரியில், போரில் ஆயுதம் ஏந்த மறுப்போரைக் கோழைகள் எனக் கண்டித்து, ஓய்வுபெற்ற இராணுவ ஆன்மப் பணியாளர்களாகிய குருக்கள் விடுத்த அறிக்கை நாளிதழில் வந்தது. மிலானி மாணவர்களுடன் அதைப் படித்தார். கடந்த நூறாண்டுகளில் இத்தாலி நடத்திய போர்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது நீதியானது, எது யாருடைய நலனுக்காக நடந்தது என்று ஆராய்ந்து மறுப்பு எழுதினார். வழக்குத் தொடரப்பட்டது, 1966இல் முதல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. போர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்த மாணவர் எத்தனையோ பேர். அந்த ஆண்டுகளைக் கொண்டு ஒரு பொதுவினாவுக்கு விடை தேடிய மாணவர் பார்பியானாவில் இருந்தார்கள்.

இந்நூலிலும் குறை இல்லாமல் இல்லை. 'நாங்கள்' என்று பேசும் குரலில் எங்கே சிறுவர் முடிகிறார்கள், எங்கே மிலானி தொடங்குகிறார் என்று பிரித்தறிவது எளிதன்று. மேலும், குற்றம் சாட்டப்படும் ஆசிரியைக்கு நூலில் வாய் இல்லை. அவருக்கும் ஒரு வகுப்பறை, ஒரு பாடத்திட்டம், ஒரு மேலதிகாரி இருந்திருப்பார்கள். நேருவின் மகளுக்கு மறுத்த இடத்தையே, பார்பியானாச் சிறுவர்கள் தம் ஆசிரியைக்கும் மறுத்துவிட்டார்கள். சினத்தில் எழுந்த நூலில் அது இயல்பு. எனினும் திறனாய்வு அதைச் சுட்டாமல் விடலாகாது. அவ்வாறு சுட்டிய பின்னும், மூன்று நூல்களுள் நம் வினாவுக்கு நெருங்கிய விடை இதனிடமே உள்ளது என்பது நம் கருத்து.

நம் இல்லங்களில்

மூன்று நூல்களும் சேர்ந்து உணர்த்துவது ஒன்று உண்டு. சமூகப் பாடத்துக்கு ஆசிரியரும் பிள்ளையும் மட்டும் போதாது. மூன்றாமவர் ஒருவர் வேண்டும். பாடம் யாரைப் பற்றியதோ, அவர். ஆசிரியரின் கூற்றை மறுத்துப் பேசக்கூடியவர். ரூசோ அவரை நாடகப் பாத்திரமாக்கினார். நேரு அவரைப் பற்றி அன்போடு எழுதினார். மிலானி அவருக்கு மேசையில் இடம் கொடுத்தார்.

இது நம் ஊர்களில் இயலாத செயலன்று. காவிரிப் பாசனத்தைப் படிக்கும் பிள்ளைக்கு, மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது என்ற விடையை ஒரு நொடியில் தந்துவிடலாம். சூன் 12ஆம் நாள் அணை திறக்கும் வழக்கத்தைப் பற்றியும், திறக்காத ஆண்டில் குறுவை என்னவாயிற்று என்பதைப் பற்றியும் ஓர் உழவரிடம் பேச வைப்பதற்கு ஒரு மாலை தேவை. உள்ளாட்சியைப் படிக்கும் பிள்ளையை, குடியரசு நாளில் கூடும் கிராம சபையின் ஓரத்தில் ஒரு மணி நேரம் அமர வைக்கலாம். தீர்மானம் வாசிக்கப்படும்போது யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் நிற்கிறார்கள் என்று குறித்துவரச் சொல்லலாம். பொது வழங்கலைப் படிக்கும் பிள்ளை, நியாய விலைக் கடை வரிசையில் தன் தாய்க்குப் பதிலாக நின்று பார்க்கலாம்.

இவற்றினும் கடினமான பாடம் ஒன்று உண்டு. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று கூறும் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை பிழையின்றி ஒப்பிக்கிறது. அதே பிள்ளை, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இறந்தோரையும் இரு பிரிவாக்கி நிற்கும் சுவரைக் கண்டு, அது ஏன் என்று கேட்டால் தனி ஆசிரியர் என்ன சொல்வார்? தேர்வுக்கு அது வராது என்று பக்கத்தைத் திருப்பிவிடலாம். வகுப்பறையில் அவ்வாறு திருப்புவது எளிதன்று. அச்சுவரின் மறுபுறத்துப் பிள்ளையும் அங்கே அமர்ந்திருக்கக்கூடும். வீட்டு அறையில் அது மிக எளிது. கூலி கொடுக்கும் பெற்றோர் விரும்பாததை ஆசிரியர் பேசமாட்டார். பேசாத ஒன்றைப் பிள்ளை மறுபடியும் கேட்காது. வடிகட்டிய சமூகத்தைப் பிள்ளைக்கு ஊட்டும் வல்லமை, தனிப்பயிற்சியைப் போல் வேறெதற்கும் இல்லை. பாடம் முடிந்துவிடும், மதிப்பெண்ணும் வந்துவிடும், பிள்ளையின் மனத்தில் அந்தச் சுவர் இன்னும் சற்று உயர்ந்திருக்கும்.

ஆகவே, பிள்ளைக்குத் தனி ஆசிரியரை அமர்த்துவோர் கட்டணத்தையும் தேர்ச்சி விழுக்காட்டையும் கேட்பதோடு இன்னொன்றையும் கேட்கலாம். என் பிள்ளை உங்களிடம் எத்தனை கேள்வி கேட்டது? அவற்றுள் எத்தனைக்கு விடை தேடி வெளியே சென்றீர்கள்? பெற்றோராகிய நாமும் ஒன்று செய்யலாம். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் தாயுடன் அவர் பிள்ளையும் வந்து, வேலை முடியும்வரை திண்ணையில் காத்திருப்பதைப் பல இல்லங்களில் காண்கிறோம். அதுவும் அதே வகுப்பில், அதே பாடநூலைப் படிக்கும் பிள்ளையே. உள்ளே சமூக அறிவியல் பாடம் நடக்கும் மேசைக்கு அப்பிள்ளையை அழைத்து, ஒரு நாற்காலி இட்டு அமர்த்தினால் ஆசிரியருக்குக் கூடுதல் சுமை ஏதும் இல்லை. குறைந்த கூலியைப் பற்றிய பாடத்திலும் குடிநீரைப் பற்றிய பாடத்திலும் அப்பிள்ளைக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். நம் பிள்ளை அதை எந்த வழிகாட்டி நூலிலும் படித்திருக்காது.